வீட்டுக்குள் வந்த சொல்யூஷன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற அளவுக்குத்தான் பழக்கம். போன மாதம் தலைவி அக்கா கூப்பிட்டு, "நீ பட்டதை அப்படியே பேசு, பத்து நிமிஷம் போதும்" என்றார்கள். பத்து நிமிஷத்தில் முடியாது என்று அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் சொல்யூஷன் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஷூ அப்பர் வேலையில் தோலையும் லைனிங்கையும் ஒட்டுவதற்கு, ஓரத்தை மடிச்சு ஃபோல்டிங் செய்வதற்குத் தடவுகிற பசை. இந்தப் பந்தலில் இருக்கிறவர்களில் பாதிப் பேராவது ஒரு நாளாவது அந்த பிரஷைப் பிடித்திருப்பீர்கள். நான் கம்பெனியில் எட்டு வருஷம் பேஸ்டிங் டேபிளில் இருந்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. அப்போதுதான் வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுக்கலாம் என்று யோசனை வந்தது.

யோசனை என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் நான்தான் அப்போது ஊக்குநர். வங்கிக் கடன் வந்ததும் அதில் என் பங்கை எடுத்து, வீட்டை ஒட்டி பத்துக்குப் பத்தில் ஒரு அறை கட்டினேன். மேலே சீட். ஒரு சின்ன ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. ஆறு பெண்கள். வெட்டின பீஸ்களை மூட்டையில் கொண்டுவந்து இறக்குவார் காண்ட்ராக்டர். சொல்யூஷன் வெள்ளை கேனில் வரும், ஐந்து லிட்டர். கேனில் பேர் கிடையாது, லேபிள் கிடையாது. பெரிய டிரம்மில் இருந்து ஊற்றிக் கொண்டுவருவது. "என்ன சொல்யூஷன் அண்ணா?" என்று நாங்க ஒருநாளும் கேட்டதில்லை. சொல்யூஷன்னா சொல்யூஷன்தானே.

ஆறு பேரில் ஒருத்தி பக்கத்து வீட்டுப் பெண். பன்னிரண்டாவது முடித்து, நர்சிங் படிப்புக்குப் பணம் சேர்க்கணும் என்று வீட்டில் இருந்தாள். பத்தொன்பது வயசு. கம்பெனி பஸ்ஸில் அனுப்ப அவங்க அம்மாவுக்குப் பயம். நான்தான் போய்ச் சொன்னேன். "எதுக்கு வெளியே அனுப்பணும்? நம்ம வீட்டுக்குள்ளேயே வேலை. என் கண்ணு முன்னாடி இருப்பா. பாதுகாப்பு" என்று. அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஃபேன் போட்டால் சொல்யூஷன் சீக்கிரம் காய்ந்து ஏடு கட்டிவிடும், ஒட்டாது. அதனால் ஃபேனை நிறுத்திவிடுவோம். கதவைத் திறந்து வைத்தால் தெருப்புழுதி வந்து பசையில் ஒட்டும், பீஸ் ரிஜெக்ட் ஆகும். அதனால் கதவையும் சாத்திவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலும் மூடியாச்சு. கேனில் இருந்து வாயகன்ற பழைய டப்பாவில் ஊற்றி நடுவில் வைத்துக்கொண்டு ஆறு பேரும் சுற்றி உட்காருவோம். கையில் ஒட்டினதைத் தின்னரில் நனைத்த துணியால் துடைப்போம். மதியம் அதே கையால் சாப்பாடு. என் சின்னவனுக்கு அந்த அறையிலேயே தூளி கட்டியிருந்தேன். தூங்குவான். நல்லாத் தூங்குறான் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

முதலில் வந்தது தலைவலி. சாயங்காலம் எழுந்து வெளியே வந்தால் கிறுகிறு என்று இருக்கும். பசி என்று நினைத்தோம். பிறகு பசியே எடுக்கவில்லை. உடம்பு இளைத்தது. "வேலை செய்யிறோமில்ல, அதான்" என்றோம். கால் விரல் நுனியில் மரமரப்பு. ஊசியில் நூல் கோர்க்கும்போது விரலுக்குள் ஊசி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், எதிரே வந்த பாட்டி, "என்னடி, ஒத்தக் காலுல செருப்பு இல்லாம நடக்கிறே?" என்று கேட்டார்கள். குனிந்து பார்த்தால் வலது கால் செருப்பு இல்லை. எங்கேயோ கழண்டு விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிட வேகமாக வந்தது. சமதரையில் நடக்கும்போதே கால் நுனி தட்டி விழுந்தாள். பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஜாக்கெட் ஹூக்கை அவங்க அம்மாதான் போட்டுவிட வேண்டியதாயிற்று.

கால் மரத்துப்போச்சு என்று சொன்னால் நம்ம ஊரில் முதல் கேள்வி என்ன? "சுகர் பார்த்தீங்களா?" பார்த்தோம். சுகர் இல்லை. சத்து ஊசி போட்டார்கள். இன்னொரு இடத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள். எந்த இடத்திலும் "நீ என்ன வேலை செய்யறே?" என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வீட்டில் செய்கிறதைப் பெண்கள் வேலை என்றே சொல்வதில்லையே. "வீட்லதான் இருக்கேன்" என்றுதானே சொல்வோம். கடைசியில் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நரம்பு டாக்டர் ஒருத்தர் முதல் கேள்வியாக அதைக் கேட்டார். என்ன வேலை, எந்த அறையில், எத்தனை மணி நேரம், ஜன்னல் இருக்கா, கூட வேலை செய்கிற வேறு யாருக்காவது இப்படி இருக்கா. ஐந்து கேள்வி. கரண்ட் வைத்து நரம்பைப் பார்க்கிற சோதனை செய்தார்கள். "அம்மா, இது நீங்க தடவுற பசையில இருக்கிற கெமிக்கல் செய்த வேலை" என்றார்.

அந்தக் கெமிக்கலுக்குப் பேர் என்-ஹெக்ஸேன். பெட்ரோலியத்தில் இருந்து எடுப்பது. தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும், லேசாகப் பெட்ரோல் வாசனை. ரப்பரைக் கரைத்து பிரஷில் தடவுகிற பதத்துக்குக் கொண்டுவர இதைச் சேர்ப்பார்கள். தடவின பிறகு அது ஆவியாகிப் போய்விட வேண்டும், ரப்பர் மட்டும் தோலில் நிற்க வேண்டும். பசை காய்வது என்றால் அதுதான். காய்ந்தது எங்கே போனது என்று நாம் யோசிப்பதில்லை. கதவு சாத்தின அறையில் அது போவதற்கு ஒரே இடம் நம்ம மூச்சு.

மூச்சில் போய் ரத்தத்தில் கலந்ததும் ஈரல் அதை வெளியேற்றப் பார்க்கும். அப்படி மாற்றும்போது அது இன்னொரு பொருளாகிறது. பேர் 2,5-ஹெக்ஸேன்டையோன். அந்தப் பொருள்தான் நரம்பைக் கெடுக்கிறது. ஏன் காலில் முதலில் வருகிறது என்று கேட்டேன். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஏரிப் பாசனத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே. உடம்பில் மிக நீளமான நரம்பு முதுகில் இருந்து கால் விரலுக்குப் போவது. நரம்புக்குள் மேலிருந்து கீழே போக வேண்டிய சத்து வழியில் நின்றுபோகிறது, நுனி முதலில் கெடுகிறது. அப்புறம் கை விரல். அதனால்தான் சாக்ஸ் போட்ட மாதிரி, கிளவுஸ் போட்ட மாதிரி மரத்துப்போவது.

பாலிடெக்னிக் படிக்கிற என் பெரியவன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். அமெரிக்காவில் நியோஷ் என்கிற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் என்-ஹெக்ஸேன் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. பத்து அடி நீளம், பத்து அடி அகலம், பத்து அடி உயரம், மூடின அறை. அந்த அளவைத் தொட எவ்வளவு ஹெக்ஸேன் ஆவியாகணும்? ஒன்றரை டீஸ்பூன். சுமார் ஏழரை மில்லி. நாங்க ஐந்து லிட்டர் கேனை நாலு நாளில் தீர்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஹெக்ஸேன் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு எங்கே போகிறது பாருங்கள்.

இது நமக்கு மட்டும் வந்ததா என்றால் இல்லை. ஜப்பானில் 1960-களில் பிளாஸ்டிக் செருப்பு ஒட்டுகிற வேலை குடிசைத் தொழிலாக வீடுவீடாக நடந்தது. அங்கே 93 பேருக்கு இதே நரம்பு நோய் இருப்பதை யமமுரா என்ற மருத்துவர் 1969-ல் எழுதினார். சீனாவில் சூசோ நகரத்தில் 2009-ல் செல்போன் திரை செய்கிற ஆலையில், திரையைத் துடைக்க அதுவரை ஆல்கஹால் வைத்திருந்தார்கள். ஹெக்ஸேன் சீக்கிரம் காய்கிறது, வேலை வேகமாக ஓடும் என்று மாற்றினார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டார்கள். பாருங்கள், எல்லா ஊரிலும் காரணம் ஒன்றுதான். சீக்கிரம் காயணும்.

துருக்கியில் இஸ்தான்புல் நகரத்தில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே ஷூ வேலையில் வைத்த பசையில் பென்சீன் இருந்தது. அது எலும்பு மஜ்ஜையில் போய் ரத்தப் புற்றுநோய் கொண்டுவரும். அக்சோய் என்ற மருத்துவர் 1974-ல் எழுதினார், ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோய் என்று. பென்சீன் இருக்கிற பசையை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது.

இனி நான் சொல்லப்போவதை எல்லோரும் கவனமாகக் கேட்கணும். வேலையை நிறுத்தின அன்றைக்கே இது சரியாகாது. நிறுத்தின பிறகும் இரண்டு மூன்று மாசம் அதிகமாகும். ஏற்கெனவே நரம்பில் நடந்த சேதம் மெதுவாக வெளியே தெரிகிறது. அதற்குப் பிறகுதான் திரும்பும். மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. விலகி இருப்பது, உடற்பயிற்சி, நாள்.

இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இல்லையென்றால் நானே ஏமாந்திருப்பேன். ஏனென்றால் வேலையை விட்டு ஒரு மாசத்தில் அந்தப் பெண் சுவரைப் பிடித்து நடக்கிற நிலைக்கு வந்தாள். காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். "பாருங்கம்மா, சொல்யூஷன்தான் காரணம்னா வேலையை விட்டதும் சரியாகணும் இல்ல? இன்னும் அதிகமாகுதே. இது பரம்பரை வியாதி" என்றார். தெருவே அதை நம்பியது. என் குழுவில் இருந்தவர்களும் நம்பினார்கள். மூன்று பேர் வேறு வீட்டில் போய் அதே வேலைக்கு உட்கார்ந்தார்கள். அவங்களைக் குறை சொல்லி என்ன செய்ய? தவணை யார் கட்டுவது? என் தவணையே இரண்டு மாசம் நின்றது. குழுக் கூட்டத்தில் என் முகத்துக்கு நேரே, "ஊக்குநரே கட்டலன்னா நாங்க எதுக்குக் கட்டணும்?" என்று கேட்டார்கள். சரியான கேள்விதான். அவங்க அம்மா என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அதுவும் சரிதான்.

வேறு வீட்டுக்குப் போன மூன்று பேரில் ஒருத்தர் நான்கு மாசம் கழித்து ஒரு ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினார். "செருப்பு நிக்க மாட்டேங்குதுடி" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் மூன்று குழுக்களில் பேஸ்டிங் செய்கிறவர்கள் இருபத்திரண்டு பேர் கூடிப் பேசினோம். வேலையே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வசதியில்லை. எனக்கும் அந்த எண்ணம் இல்லை. இன்றைக்கும் இல்லை. இருபத்திரண்டு பேரும் ஒன்றாகப் போய்க் காண்ட்ராக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டோம். ஒன்று, லூசில் ஊற்றின கேன் வேண்டாம், கம்பெனி சீல் போட்ட டின், லேபிளோடு. இரண்டு, அந்தப் பசையின் பாதுகாப்புத் தகவல் தாள். எஸ்.டி.எஸ். என்று சொல்வார்கள். பசை தயாரிக்கிற கம்பெனியிடம் கேட்டால் அது கிடைக்கும். முதலில் கத்தினார். "நாளையில இருந்து வேற ஊருக்குக் கொடுத்துடுவேன்" என்றார். ஒருத்தியாகப் போயிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இருபத்திரண்டு பேரை ஒரே நாளில் அவருக்கு எங்கே கிடைக்கும்? பத்து நாள் இழுத்தார், பதினோராம் நாள் டின் வந்தது. கூலி ஏற்றச் சொன்னதை மட்டும் காதில் வாங்கவே இல்லை, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தாள் இங்கிலீஷில் இருக்கும். பயப்பட வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எண் பார்த்தால் போதும். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் உலகம் முழுக்க ஒரே எண், நம்ம ஆதார் எண் மாதிரி. என்-ஹெக்ஸேன் 110-54-3. டொலுவீன் 108-88-3. பென்சீன் 71-43-2. இந்த மூன்றையும் பாஸ்புக் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஹெக்ஸேனுக்குப் பதிலாக ஹெப்டேன் போட்ட பசை இருக்கிறது, 142-82-5. தீப்பிடிக்கிற குணமும் தலை கிறுகிறுப்பும் அதிலும் உண்டு, ஆனால் நரம்பை ஹெக்ஸேன் மாதிரி கெடுப்பதில்லை. தண்ணீரில் கரைத்த பசையும் இருக்கிறது. அது காய நேரமாகும். நேரமானால் ஜோடி குறையும், ஜோடி குறைந்தால் கூலி குறையும். யாரும் அதைச் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கூலியோடு சேர்த்துத்தான் அதைப் பேச வேண்டியிருக்கிறது.

டொலுவீன் பற்றி ஒன்று. வயிற்றில் பிள்ளை இருக்கிற தங்கச்சிகள் பேஸ்டிங் அறைப் பக்கமே போக வேண்டாம். "ஆறாம் மாசம் வரைக்கும் செய்யறேன் அக்கா" என்று சொல்லாதீர்கள். முதல் மாசத்தில் இருந்தே வேண்டாம். எம்.இ.கே. என்று ஒன்று சில பசைகளில், தின்னர்களில் சேர்ப்பார்கள். அது ஹெக்ஸேனோடு சேர்ந்தால் ஹெக்ஸேனின் விஷத்தை அதிகமாக்கும்.

நம்ம பெண்கள் கைவைத்தியம் சொல்லாமல் இருக்க மாட்டோம். நான் தெருவில் பேசப் போனால் முதலில் வருவது, "பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டா முறிச்சிடும்", "வெல்லம் வாயில போட்டுக்கோ". பால் நல்லது, வெல்லம் நல்லது, சாப்பிடுங்கள். மூச்சில் போனதை அது எடுக்காது. இரண்டாவது, மாஸ்க். கொரோனாவில் மிச்சமான மாஸ்க் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. துணி மாஸ்க், அந்த என்-95 கூட, தூசியை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. ஆவியை நிறுத்தக் கரி அடைத்த தனி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். விலை அதிகம், வடிகட்டியை அப்பப்போ மாற்றணும், நம்ம வெயிலில் நாள் முழுக்கப் போட்டிருக்கவும் முடியாது. அதனால் மாஸ்க்கை நம்பாதீர்கள், காற்றை நம்புங்கள். மூன்றாவது, "வாசனையே வரல, இது நல்ல சொல்யூஷன்" என்பது. கால் மணி நேரத்தில் மூக்குக்கு வாசனை பழகிப்போகும். வாசனை தெரியவில்லை என்றால் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை.

காற்று என்றால் மேலே சுற்றுகிற ஃபேன் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் அதே ஆவியைத்தான் கலக்கிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் உள்ளே வரணும், இன்னொரு பக்கம் வெளியே போகணும். நாங்க இப்போது திண்ணையில், தாழ்வாரத்தில்தான் செய்கிறோம். புழுதிக்கு மூன்றடி உயரத்துக்கு ஒரு தார்ப்பாய் மறைப்பு. மழை நாளில் பேஸ்டிங் கிடையாது, தையல் மட்டும். அறைதான் இருக்கு என்றால் வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் ஃபேன், டேபிள் மட்டத்துக்கு அருகில். இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். கிளம்பின இடத்தில் கீழேதான் படியும். கூரையை ஒட்டி ஃபேன் வைத்தால் நம்ம மூக்கைத் தாண்டித்தான் போகும். வாயகன்ற டப்பாவை நாங்க தூக்கி எறிந்துவிட்டோம். மூடியில் துளை போட்டு பிரஷை அதிலேயே சொருகின சின்ன டப்பா. எடுக்கும்போது மட்டும் திறக்கும். இதற்குச் செலவு ஒன்றுமே இல்லை. சொல்யூஷனும் மிச்சம். காண்ட்ராக்டருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது! துடைத்த துணியை மூடி போட்ட டின்னில் போடணும், மூலையில் குவிக்கக் கூடாது. கையைத் தின்னரால் கழுவ வேண்டாம், தோல் வழியாகவும் போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, துடைத்து, சோப்பு. முதலில் கொஞ்ச நேரமாகும், பழகிவிடும்.

கனமான ஆவி என்றதும் தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இன்னொரு குழுவில் ஒரு அக்கா வீட்டில் நடந்தது. முன் அறையில் பேஸ்டிங், உள்ளே பூஜை மாடம். கரண்ட் போயிருக்கிறது. மாமியார் விளக்கு ஏற்றித் தரையில் வைத்திருக்கிறார். விளக்குக்கும் டப்பாவுக்கும் எட்டடி தூரம். தரையோடு நகர்ந்து வந்த ஆவியில் பிடித்து, தீ திரும்பி டப்பாவுக்கு ஓடியிருக்கிறது. பதறிப்போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். ஹெக்ஸேன் தண்ணீரைவிட லேசு, தண்ணீர் மேல் மிதக்கும். எரிகிறது மிதந்துகொண்டே வாசல் வரைக்கும் வந்தது. அந்த அக்காவுக்கு இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் தழும்பு. இன்றைக்கும் இங்கே வந்திருக்கிறார்கள், சொல்லச் சொல்லி அவங்களே அனுமதி கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு, ஊதுபத்தி, கொசுவத்தி, மெழுகுவத்தி, பீடி குடிக்கிற வீட்டுக்காரர், எல்லாமே இந்தக் கணக்கில்தான். கரண்ட் போனால் வேலையை நிறுத்தி டப்பாவை மூடுங்கள்.

பிள்ளைகள் விஷயம். சொல்யூஷனையோ தின்னரையோ தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி வரும்போது நுரையீரலுக்குள் போனால் அதுதான் உயிருக்கு ஆபத்து. உடனே 108. டின்னையோ லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள்.

நம்ம குழுவில் இருந்தே பல பேர் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்கிறீர்கள். சுகர், பிரஷர் பார்க்க வீடுவீடாகப் போகிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கால் மரத்துப்போச்சு என்று யார் சொன்னாலும், சுகர் பார்க்கிறதோடு, "வீட்ல என்ன வேலை செய்யறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே தெருவில் இரண்டு பேருக்கு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களை யாராவது ஆறு மாசம் முன்னால் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

வீட்டு வேலைக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது. பதினெட்டு வயதில் இருந்து அறுபது வரைக்கும் பதியலாம். பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள். நரம்பு போனதற்கு அது ஈடாகாதுதான். இருந்தாலும் நாம் தொழிலாளி என்று காட்ட ஒரு அட்டை கையில் இருக்கும்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். ஒன்றரை வருஷம் ஆனது, யார் துணையும் இல்லாமல் நடக்க. இப்போது நடக்கிறாள், படியேறுகிறாள். இடது கால் விரல்களில் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. நர்சிங் சேரவில்லை, நின்று செய்கிற வேலை முடியாது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். கம்ப்யூட்டர் படித்து, கணக்கு எழுதுகிறாள். நம்ம கூட்டமைப்பின் மூன்று குழுக்களுக்குக் கணக்கு எழுதுவது அவள்தான். அவங்க அம்மா இப்போது என்னோடு பேசுகிறார்கள். முன்மாதிரி இல்லை, ஆனாலும் பேசுகிறார்கள். எனக்குக் கை முழுசாகத் திரும்பிவிட்டது. காலில் குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு.

கடைசியாக, மேலாளர் சார் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். இந்த வருஷம் ஜாப் ஒர்க் ஷெட் போட என்று கடன் கேட்டுப் பதினான்கு விண்ணப்பம் கூட்டமைப்பில் இருக்கிறது. நிறையப் பேர் பேஸ்டிங் வேலைக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். கடனை நிறுத்தச் சொல்லவில்லை. கடன் கொடுக்கிற முன்னால் இடத்தைப் போய்ப் பார்க்கணும் என்று ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கா, சமையலறையும் அதுவும் ஒரே அறையா, பசை லேபிளோடு வருதா. மூன்றே கேள்வி. போன கூட்டத்தில், "இதெல்லாம் பார்த்தா யாருக்கும் கடன் கொடுக்க முடியாது" என்று சிலர் சொன்னார்கள். ஜன்னல் வைக்கிற செலவையும் கடன் தொகையில் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் பதில். அன்றைக்கு எனக்கு யாராவது அப்படிச் சேர்த்துக் கொடுத்திருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? தீர்மானம் மதியத்துக்குப் பிறகு வருகிறது. யோசித்துக் கை தூக்குங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் நான் பந்தலின் இடது பக்கம், தண்ணீர் டிரம் பக்கத்து மேசையில் இருப்பேன். உங்கள் வீட்டு டின் லேபிளைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், எண்ணைச் சேர்ந்து பார்ப்போம். டின்னை எடுத்து வர வேண்டாம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.